பால் பச்சையான சனிக்கிழமை

பால் பச்சையானது ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி சுமாருக்கு. பச்சைப் பால் என்றால் காய்ச்சாத பால் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நான் சொல்வது அதை அல்ல. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அரை லிட்டர் பால், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல நிறம் மாறி, பிஸ்தா ஐஸ்கிரீம் கரைந்த மாதிரி ஆகிவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் கை குமிழுக்குப் போனது.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அகப்படுகிறவரைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு அகப்பட்டவர் பால்காரர். போனைப் போட்டு, பாலில் என்னத்தைக் கலந்தீர்கள் என்று மூச்சு விடாமல் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தா, மாடு பச்சப் புல்லத்தான் திங்கிது. அதுக்காகப் பாலு பச்சையாவா கறக்கும்? கறந்தப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு. நீங்க என்னத்தப் போட்டீக?"

நான் போட்டது ஏலக்காய் மட்டும். மூன்றே மூன்று காய், தட்டிப் போட்டேன். அதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அதே கவரிலிருந்து இரண்டு நாளைக்கு முன் ஒரு பிடி காய் எடுத்திருந்தேன். அந்த ஒரு பிடியும் முப்பத்திரண்டு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருந்தது.

அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளும் என் மகளின் வகுப்பு. அவர்களுக்கு நான் கொடுத்தனுப்பியது குச்சி சாக்லேட். அது கடையில் கிடைக்கிற சாமான் அல்ல. நானாகச் செய்து செய்து பழகியது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான ஒரு சேட்டன் இருக்கிறார். அவர் மிளகுக்கொடிக்கு நடுவே நாலு கொக்கோ மரம் வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை நன்றாக 'உணக்கிய', அதாவது காயவைத்த, கொட்டை என்று சொல்லி, தோட்டத்து ஆட்கள் இறங்கும் ஜீப்பில் ஒரு பை கொடுத்துவிடுவார். முதல் வருடம் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் போட்டேன். இரண்டாவது வருடம் வேர்க்கடலையை வறுப்பதுபோல வறுத்துப் பார்த்தேன். இரும்புச் சட்டியில் போட்டதும் முதலில் புளிச்ச வாடைதான் அடித்தது. ஒரு பத்து நிமிடம் கழித்து வந்தது பாருங்கள் ஒரு வாசம், தெருவில் போன பெண் திரும்பி நின்று, என்ன பலகாரம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வறுத்ததைத் தோல் உரித்து மிக்ஸியில் போட்டு, மிக்ஸி சூடாகச் சூடாக நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். வெகுநேரம் தூளாகவே சுற்றும். இது கதைக்கு ஆகாது என்று சலித்துக்கொள்கிற நேரத்தில், எள்ளை இடிக்கும்போது எண்ணெய் விடுமே, அப்படித் திடீரென்று இளகிக் குழம்பாகிவிடும். அதில் பொடித்த சர்க்கரை, பால் பவுடர், ஏலக்காய்ப் பொடி சேர்த்துப் பிசைந்து, நெய் தடவிய பணியாரச் சட்டியின் குழிகளில் அமுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி பிரிட்ஜில் வைத்துவிடுவேன். இறுகியதும் குச்சியைப் பிடித்துத் தூக்கினால் அரைப் பணியாரம் மாதிரி வரும். பிள்ளை அதைச் சுடுபால் டம்ளரில் விட்டுச் சுற்றினால், வெள்ளைப் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, கடைசியில் வெறும் குச்சி மட்டும் மிஞ்சும். அந்தக் குச்சியை நக்குவதற்குத்தான் சண்டை.

எங்கள் ஊரில் மலையிலிருந்து சாரல் இறங்குகிற மாதங்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் தலை நனைந்திருக்கும், கை ஜில்லிட்டிருக்கும். வெறும் பாலை நீட்டினால் முகத்தைத் திருப்புகிற என் மகள், இந்தக் குச்சியைக் கொடுத்தால் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். என் வீட்டுக்காரர் மட்டும் அதை 'ஒன் லேகியம்' என்பார். சொல்லிவிட்டு இரண்டு குச்சி காலி பண்ணுவார்.

மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் கடை மிட்டாய் கொண்டுவரக் கூடாது, வீட்டில் செய்ததென்றால் கொண்டுவரலாம் என்று சட்டம். "அம்மா, எல்லாத்துக்கும் நம்ம குச்சி சாக்லேட் குடும்மா" என்று ஒரு வாரம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். எங்கள் பணியாரச் சட்டியில் ஏழு குழி. ஐந்து ஈடு போட்டால் முப்பத்தைந்து. முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும், டீச்சருக்கும், கைப்பிசகுக்கு இரண்டும் என்று கணக்கு சரியாக வந்தது. சரி என்றேன்.

இங்கேதான் என் வாயும் என் வீம்பும் வேலையைக் காட்டின. என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. ஏலத்துக்குப் போய் ஏலம் எடுக்கிறவர் என்று நான் கேலி பண்ணுவேன். மேலே எஸ்டேட்டில் பறித்து, உலர்த்தி, போடிக்கு வருகிற காயை ஏலத்தில் பிடித்து, எங்கள் கோடவுனில் சுத்தம் பண்ணி, தரம் பிரித்து வடக்கே அனுப்புவார். தெருவே ஏலக்காய் மணக்கும். ஆனால் எங்கள் சமையலறைக்குள் வருவது என்னவோ வெடித்ததும், வெளிறியதும், பொடிசும்தான். அதற்கென்று ஒரு எவர்சில்வர் தூக்கு. அதற்கு 'வீட்டுக் காய்' என்று பெயர். கல்யாணமாகி வந்த மாதமே அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சமையலுக்கு வீட்டுக் காயி மட்டும் எடு. கவர்ல இருக்குறதத் தொடாத. அது சாம்பிளு."

எனக்கு அது ஆறவே இல்லை. நான் பிறந்த சிலமலையில் எங்கள் அப்பா ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டவர். அந்த வீட்டில் பொங்கலுக்கு வாங்குகிற நாலு காயாவது முழுசாக இருக்கும். ஏலக்காய் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு, பன்னிரண்டு வருடமாகப் பாயசத்தில் சக்கையைப் போட்டுக்கொண்டிருக்கிறேனே என்று குத்திக் காட்டாத நாள் கிடையாது. கஞ்சப்பிரபு என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

வியாழக்கிழமை சாக்லேட்டைப் பிசைந்தபோது தூக்கைத் திறந்தேன். அடியில் நாலைந்து வெளிறிய காய்தான் கிடந்தது. பீரோவுக்கு மேலே, வாங்குகிறவர்களுக்குக் காட்டுகிற சாம்பிள் கவர் இருந்தது. கொழுத்த காய், எட்டு எம்.எம். என்பார்கள், ஒவ்வொன்றும் கிளிப் பச்சை. என் பிள்ளையின் பிறந்தநாளுக்கு, ஊர்ப் பிள்ளைகள் குடிக்கப் போகிற பாலுக்கு, இந்த வீட்டிலிருந்து ஒருமுறையாவது நல்ல காய் போகட்டும் என்று ஒரு பிடி அள்ளினேன். தோலோடு சேர்த்துச் சர்க்கரையில் போட்டு மிக்ஸியில் அடித்தேன். சர்க்கரை லேசாகப் பச்சை தட்டியது. நல்ல காய் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கொக்கோவில் கலந்ததும் எல்லாம் ஒரே காப்பி நிறமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸப் குரூப்பில் வரிசையாகப் படம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் உதட்டுக்கு மேல் காப்பி நிற மீசை. "அக்கா, என்ன ஏலக்காய் போட்டீக, வாசம் தூக்குது" என்று ஒருத்தி. "ஏலக்காய் வீட்டு சாக்லேட்டுன்னா சும்மாவா" என்று இன்னொருத்தி. நான் அதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. காட்டினால் கவரைத் தொட்டது தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்து பூரித்துப்போனேன்.

மறுநாள்தான் சனிக்கிழமை. மகளோடு விளையாட வந்த பக்கத்து வீட்டுச் சிறுமிக்குச் சாக்லேட் கசப்பு ஆகாது. "எனக்கு வெள்ளப் பாலு போதும் அத்தே" என்றாள். வெறும் பாலைக் கொடுப்பானேன் என்று, அந்தக் கவரிலிருந்தே மூன்று காயைத் தட்டிப் போட்டேன். மூடி மறைக்கக் கொக்கோ இல்லை. பால் உண்மையைச் சொல்லிவிட்டது.

பால்காரரிடம் பேசிவிட்டு வந்தவள், இரண்டு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினேன். ஒன்றில் வீட்டுக் காய் இரண்டு, இன்னொன்றில் கவர் காய் இரண்டு. வீட்டுக் காய் போட்ட தண்ணீர் கொஞ்ச நேரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்து, அதோடு நின்றது. கவர் காயிலிருந்து பச்சை நூல் மாதிரி கீழே இறங்கி, பரவி, டம்ளர் முழுவதும் ஹோலிப் பொடி கரைத்த தண்ணீராகிவிட்டது. காயை எடுத்துப் பார்த்தேன். அதுவும் வீட்டுக் காய் மாதிரியே வெளிறிக் கிடந்தது. இரண்டு டம்ளரையும் சமையல் மேடையிலேயே விட்டுவைத்தேன்.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிட வந்தது மூன்றரை மணிக்கு. கை கழுவிவிட்டு வந்தவர் மேடையில் இருந்த இரண்டு டம்ளரையும் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. தெரியாத ஆளாக இருந்தால் கேட்டிருப்பார்.

"கவரத் தொட்டியா?" என்றார்.

"பிள்ளைக சாக்லேட்டுல போட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைக. நம்ம பிள்ளையும் சேத்து."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தொடாதன்னு பன்னண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு வர்றேன்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் தலைகீழாகப் புரண்டது. கஞ்சத்தனம் என்று நான் நினைத்தது கஞ்சத்தனம் இல்லை. நல்ல காயை வெளியே அனுப்பிவிட்டு மட்டமானதை எங்களுக்கு வைத்தார் என்றுதானே திட்டினேன். உள்ளபடி, எங்களுக்குத்தான் நல்லதை வைத்திருந்தார். கெட்டதுக்குத்தான் பச்சைச் சாயம் ஏற்றி, அழகாக்கி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடம் நான் குத்திக் காட்டியபோதெல்லாம் அவர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவர் போனில் பேசும்போது அடிக்கடி ஒரு வார்த்தை வரும். "மேக்கப் முடிஞ்சிருச்சாண்ணே? சாயங்காலம் லோடு ஏத்தணும்" என்பார். காயின் வாலைக் கிள்ளி, தூசி தட்டி, தரம் பிரிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். "எனக்கு வாங்கிக் குடுக்காத மேக்கப்பக் காய்க்குப் போடுறீகளாக்கும்" என்று கிண்டல்கூடப் பண்ணியிருக்கிறேன். அந்தக் கிண்டலுக்கு அவர் மட்டுமில்லை, கோடவுனில் இருந்தவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வார்த்தை என் காதில் தினமும் விழுந்தது. பொருள் மட்டும் ஏறவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ, நான் கேட்கவில்லை.

"யாரு திங்கப் போறான்னு இப்பிடிப் பண்ணுனீக?" என்றேன்.

"வடக்க பச்சையா இருந்தாத்தான் வாங்குறாங்க. வெளிறுன காய ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. நம்ம பக்கம் யாரும் அதத் திங்கிறதில்ல. வாசத்துக்கு ஒண்ணு ரெண்டு போடுறதுதான. அம்புட்டுல என்ன ஆயிரப் போகுது?"

"வடக்க இருக்குறவுகளுக்குப் பிள்ளைக கெடையாதா?"

அவர் சோற்றைத் தொடவில்லை.

பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்குப் போன் பண்ணினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒருமுறை கொஞ்சமாகப் போனதற்குப் பதற வேண்டாம், வாந்தி, தடிப்பு ஏதும் வருகிறதா என்று பாருங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். கடைசியாக, "அது என்ன சாயப்பொடின்னு கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். போனைக் கையால் மூடிக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது, டப்பாவுல பேரு எழுதியிருக்காது" என்றார். இத்தனை வருடம் தூவியிருக்கிறார், தூவுவது என்னவென்று தெரியாது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. டாக்டரிடம், தெரியவில்லை என்று சொல்ல நாக்கு கூசியது.

அடுத்தது அந்தக் குரூப். முப்பத்திரண்டு வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். சில வீட்டில் குச்சியைப் பத்திரப்படுத்தி, இன்றைக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருப்பார்கள். நான் போனை எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"போடாத," என்றார். "ஒவ்வொருத்தருக்காப் போன் பண்ணி, பால் பவுடர் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுருங்கன்னு சொல்லு. அது போதும். கலருன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, திங்கக்கெழமைலருந்து நான் ஏலத்துல போயி உக்கார முடியாது. என் மூஞ்சில யாரு முழிப்பா?"

அவர் என்னை அதட்டவில்லை. கெஞ்சினார். என் வீட்டுக்காரர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. போடியில் வாய் வார்த்தையில்தான் வியாபாரமே ஓடுகிறது; பேர் கெட்டால் அதோடு கதை முடிந்தது. அவர் சொன்ன சாக்கையே குரூப்பில் எழுதிப் பார்த்தேன். 'பால் பவுடர் பழசு, மன்னிச்சுக்கோங்க.' எவ்வளவு சுலபமாக வந்தது. விரல் அனுப்பு என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

அந்த நேரம் என் மகள் உள்ளே வந்தாள். "அம்மா, மூணு பேரு இன்னும் ஒண்ணு வேணும்னு கேட்டாங்கம்மா. திங்கக்கெழம கொண்டாரேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அவள் உதட்டைப் பார்த்ததும், முந்தின நாள் படங்களில் பார்த்த காப்பி நிற மீசைகள் நினைவுக்கு வந்தன. நான் எழுதியதை அழித்துவிட்டேன்.

திரும்ப எழுதினேன். 'நான் கொடுத்த சாக்லேட்டில் சாயம் ஏற்றிய ஏலக்காய் கலந்துவிட்டது. காய் எங்கள் வீட்டுக் கோடவுனுடையது. எனக்குத் தெரியாமல் நடந்தது, ஆனாலும் கொடுத்தது என் கை. மீதி இருந்தால் கொடுக்க வேண்டாம். டாக்டர் சொன்னது இது.' கீழே டாக்டர் சொன்னதை அப்படியே போட்டேன். அனுப்பியதும் போனை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. ஒருத்தி, இனிமேல் தன் மகள் எங்கள் வீட்டுப் பண்டம் எதையும் தொட மாட்டாள் என்று எழுதினாள். ஒருத்தி குரூப்பை விட்டே போய்விட்டாள். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தனியாக வந்த இரண்டு படங்கள். அனுப்பிய இருவரும் வியாபாரி வீட்டுப் பெண்கள். இரண்டிலும் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் பச்சைத் தண்ணீர். ஒருத்தி கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: 'எங்க வீட்லயும் கவரத் தொடக் கூடாதும்பாக அக்கா.'

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பிற்பாடு சாயம் ஏற்றுகிற வேலையை நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனம் திருந்தி நிறுத்தினாரா, வேறு வழியில்லாமல் நிறுத்தினாரா என்று நான் அவரைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். எங்கள் கோடவுனில் வெகுகாலமாக வேலை பார்க்கிறவள், பின்தெருவில் குடியிருக்கிறாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது. உள்ளே கூப்பிட்டேன். அவள் படியிலேயே நின்றாள்.

"எம்புள்ளதான்க்கா ஒங்க மெசேஜ வாசிச்சுக் காட்டுனா," என்றாள். "வெள்ளிக்கெழம அவ கொண்டாந்ததுல நானும் ரெண்டு மடக்குக் குடிச்சேன். மொதலாளி வீட்டுச் சாமான், வீட்டுக் காயத்தான் போட்டிருப்பீகன்னு நெனச்சேன். நாங்க கலக்குனதப் போடுவீகன்னு நெனக்கல."

வீட்டுக் காய் என்ற வார்த்தை அவளுக்கும் தெரிந்திருந்தது. அதன் அர்த்தமும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். மன்னித்துக்கொள் என்றேன்.

"அத விடுங்கக்கா. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்." சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஒரு தரம் குடிச்சதுக்கே தடிப்பு வருதா, வாந்தி வருதான்னு பாக்கச் சொல்லியிருக்காரே டாக்டரு. இவ என் வயித்துல இருக்கைல, ஏழாம் மாசம் வரைக்கும் நான்தான் பொடி தூவுனேன். தார்ப்பாயில காயக் கொட்டி, தண்ணியத் தெளிச்சு, பொடியத் தூவிப் பெரட்டணும். மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் செய்வேன். அப்பிடியும் சளி துப்புனா பச்சையா வரும். அதுக்கு என்னத்தப் பாக்கணும்னு டாக்டருகிட்டக் கேட்டுச் சொல்றீகளா?"

குரலில் கோபமே இல்லை. மதுரைக்குப் போகிற பஸ்சு எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். இன்றைக்கே நாமும் பிள்ளையும் டாக்டரிடம் போவோம், நானே கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். சரிக்கா, பிள்ளையை வெரசாக் குளிப்பாட்டிக் கூட்டிவர்றேன் என்று கிளம்பினாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை படியில் நின்றேன். அவள் மகளுக்கும் என் மகளுக்கும் இரண்டு மாதம்தான் வித்தியாசம். அந்த வருடம் நானும் மாசமாக இருந்தேன். மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர், "கோடவுன் பக்கம் கால் வெக்காத, அந்தத் தூசி ஒனக்கு ஆகாது" என்று என்னைச் சிலமலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார். எவ்வளவு பாசமான மாப்பிள்ளை என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சிரித்தேன்.

அரை மணி நேரத்தில் அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் வீட்டுக்கு மூவரும் ஆட்டோவில் போனோம். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். முப்பத்திரண்டு வீட்டுக்கும் உண்மையை எழுதி அனுப்பிய எனக்கு, அந்தத் தூசி ஆகாதென்று என்னை மட்டும் மூன்றாம் மாதமே சிலமலைக்கு அனுப்பிய இந்த ஒன்றை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.